விடுமுறை யாருக்குச் சொந்தம்?

"பள்ளிக்கூடம் எங்கே ஓடிவிடப் போகிறது? நான்கு நாள் போகாவிட்டால் குடியா முழுகிவிடும்?" என்று கேட்கும் தந்தையர் உண்டு. "மதிப்பெண் குறைந்து கிடக்கிற கிடையில் விடுமுறை ஒன்றுதான் குறைச்சல்!" என்று சீறும் தந்தையரும் உண்டு. முதலாமவர், பள்ளி நடக்கும் நாளில் பிள்ளையை ஊர் சுற்ற அழைத்துச் செல்கிறார். இரண்டாமவர், பள்ளி மூடிய நாளிலும் பிள்ளையைத் தனிப்பயிற்சி நிலையத்தில் கொண்டுபோய் அடைக்கிறார். முன்னவர் செல்லம் கொடுப்பவர், பின்னவர் கண்டிப்பானவர் என்று ஊரார் பேசுவர். நமக்கோ இருவரும் ஒரே திண்ணையில் ஒரே பாடம் கேட்டவர்களாகத் தோன்றுகின்றனர். பிள்ளையின் நாள் பெற்றோரின் உடைமை. வேண்டினால் வாரி இறைக்கலாம், வேண்டினால் பெட்டியிலிட்டுப் பூட்டலாம் - இதுதான் அந்தப் பாடம்.

பிள்ளை பெற்றோரின் உடைமையா? பிள்ளையின் நாள்கள் யாருக்குச் சொந்தம்? இல்லத்தார் கூடிக் களிக்கும் விடுமுறைக்கும், பள்ளியில் பிள்ளை பெறும் தேர்ச்சிக்கும் இடையே வழக்கு மூண்டால் தீர்ப்பு எப்பக்கம்? பெற்றோராகிய நாம், பகுத்தறிவு பேசும் நாம், வீட்டுக்குள் நடக்கும் இந்த வழக்கை விசாரிக்காமல் விட்டுவிட்டோமானால், வெளியே நாம் பேசும் சமத்துவத்துக்கு வேரில்லாமற் போகும். எனவே விசாரிப்போம், தோழர்களே!

விசாரணை மன்றத்தை அஞ்செட்டியில் அமைப்போம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில், மேலகிரி மலைகளுக்கு இடையே உள்ள ஊர் அது. தேன்கனிக்கோட்டையிலிருந்து மலைப்பாதையில் வளைந்து வளைந்து சென்றால் அஞ்செட்டி. அதைத் தாண்டினால் நாட்றாம்பாளையம். அதற்கும் அப்பால் ஒகேனக்கல். மேற்கே கருநாடக எல்லை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே சந்தையில் விலை பேசும் வட்டாரம். ஒருபுறம், 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது முதல் சரக்குந்தும் இருசக்கர வண்டியும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் பெருகி நிற்கும் ஓசூர், அதனையடுத்துப் பெங்களூர். மறுபுறம், யானை நடமாடும் காட்டைக் கடந்து பிள்ளைகள் பள்ளிக்கு வரவேண்டிய மலைச் சிற்றூர்கள். ஆலையில் மாதச் சம்பளம் வாங்கும் வீடும் அங்கே உண்டு. கேழ்வரகு விளைந்தால் கஞ்சி, விளையாவிட்டால் வெளியூர்க் கூலி என்று வாழும் வீடும் அங்கே உண்டு. 'விடுமுறை' என்ற ஒரே சொல் இந்த இரு வீடுகளிலும் இரு வேறு பொருள் தருகிறது. நம் வழக்குக்கு இதைவிடத் தகுந்த மன்றம் ஏது?

முதலில் ஆலைத் தொழிலாளியின் வீட்டுக்குச் செல்வோம்.

விடுமுறை என்பது முதலாளி மனமிரங்கி அளித்த கொடை என்று எண்ணுவோர் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கட்டும். இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. அது என்ன சொல்லிற்று? 7 வயது நிரம்பாத குழந்தையை ஆலையில் வேலை வாங்காதீர். 7 முதல் 12 வயது வரையுள்ள குழந்தையை நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்குமேல் வேலை வாங்காதீர். மாதத்தில் 4 நாள் விடுமுறை அளித்திடுவீர் என்றது! ஏழு வயதுப் பாலகனுக்கு ஒன்பது மணி நேர வேலை! அதுவே அந்நாளில் சீர்திருத்தம்! அந்த இருட்டிலிருந்து ஒவ்வோர் அடியாக வெளியே வந்தது பாட்டாளி உலகம். 1923-ஆம் ஆண்டு மே முதல் நாள், சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்நாட்டின் முதல் மே நாள் விழாவை எடுத்தார். 1936-இல் பிரெஞ்சுத் தொழிலாளர் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்து, ஊதியத்துடன் இரண்டு வார விடுப்பைச் சட்டமாக்கிக் கொண்டனர். விடுதலை பெற்ற இந்தியாவில், 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டில் 240 நாள் உழைத்தவருக்கு, உழைத்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் வீதம் ஊதிய விடுப்பு உண்டு என்று வகுத்தது.

இந்தக் கடைசிச் செய்தியை நெஞ்சில் நிறுத்திக்கொள்ள வேண்டுகிறோம். 240 நாள் உழைத்தவர்க்கு விடுப்பு என்றது சட்டம். ஆலையிலேயே அதிக உருப்படி செய்து முதலிடம் பெற்றவர்க்கு மட்டும் விடுப்பு என்று சொல்லவில்லை. முதல்வனுக்கும் உண்டு, கடையனுக்கும் உண்டு. ஓய்வு உழைத்த உடலின் உரிமை; போட்டியில் வென்றவன் தட்டிச் செல்லும் பரிசு என்று சட்டம் அதைக் கருதவில்லை. இந்த நீதி வீட்டுக்குள் வரும்போது என்ன ஆகிறது என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

இப்படிப் போராடிப் பெற்ற விடுப்பைத் தொழிலாளி எப்போது எடுப்பது? ஆலைக்கு ஒரு நாள்காட்டி. பள்ளிக்கு வேறொரு நாள்காட்டி. ஆலையில் வேலை மிகுந்திருக்கும் திங்களில் விடுப்புக் கேட்டால் மேலாளர் முகம் சுளிப்பார்; வேலை குறைந்த வாரத்தில் தாராளமாக 'போய்வா' என்பார். அந்த வாரம் பள்ளியில் பின்னக் கணக்கு நடந்துகொண்டிருக்கும்! எல்லைப்புறத்திலோ மூன்றாவது நாள்காட்டியும் குறுக்கிடுகிறது. அண்ணன் குடும்பம் பெங்களூரில். தம்பி குடும்பம் அஞ்செட்டியில். கருநாடகப் பள்ளிகளுக்குத் தசரா விடுமுறை நீண்டுகொண்டிருக்கும் நாளில், தமிழ்நாட்டில் காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருக்கும். "பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், எல்லோரும் சேர்ந்து போகாமல் இருப்பதா?" என்று அம்மா கேட்கிறார். நியாயமான ஆசைதான். ஆண்டு முழுதும் இரவு முறை, பகல் முறை என்று இயந்திரத்தோடு இயந்திரமாய்ச் சுழன்ற தந்தை, தம் மக்களோடு நான்கு நாள் சிரித்திருக்க விரும்புவதைக் குற்றமென்று சொல்லும் கல்நெஞ்சம் நமக்கில்லை.

ஆசை நியாயம்; ஆனால் அந்த நான்கு நாள் யாருடைய கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது? அதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் வரை ஏறியிருக்கிறது. வைட் தீவைச் சேர்ந்த ஜான் பிளாட் என்ற தந்தை, 2015 ஏப்ரலில், பள்ளி நடந்துகொண்டிருந்தபோது, தலைமையாசிரியர் இசைவு மறுத்த பின்னும், தம் மகளை அமெரிக்காவின் புளோரிடாவுக்கு உல்லாசப் பயணம் அழைத்துச் சென்றார். 60 பவுன் தண்டம் விதிக்கப்பட்டது. கட்ட மறுத்தார், அது 120 ஆயிற்று. அப்போதும் மறுத்தார், வழக்காயிற்று. "என் மகள் 90 விழுக்காட்டுக்கு மேல் பள்ளிக்கு வந்திருக்கிறாளே, இது ஒழுங்கான வருகை ஆகாதா?" என்று வாதாடினார். கீழ் மன்றங்களில் வென்றார். 2017 ஏப்ரல் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். ஒழுங்கான வருகை என்றால் பள்ளி வகுத்த விதிப்படி வருவது. பெற்றோர் தம் வசதிப்படி அளந்து கொடுப்பதன்று என்பது தீர்ப்பின் சாரம். ஒரு பிள்ளை இடையில் விலகினால் அதனால் கெடுவது அப்பிள்ளையின் படிப்பு மட்டுமன்று, உடன் பயிலும் பிள்ளைகளின் படிப்பும்தான் என்பதையும் மன்றம் சுட்டிக்காட்டிற்று. ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கவேண்டும். நாற்பது பிள்ளைகள் ஒருவனுக்காகக் காத்திருக்கவேண்டும்.

"நான்கு நாள்தானே!" என்பவர்க்காக எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாள், ஆறு முதல் எட்டு வரை 220 நாள் பள்ளி நடக்கவேண்டும் என்கிறது. ஒரு பிள்ளை ஆண்டுக்குப் பத்தே நாள் - ஒரு திருமணம், ஒரு திருவிழா, ஒரு சுற்றுலா - இழக்கிறது என்று வையுங்கள். பத்தாம் வகுப்பு முடிவதற்குள் 100 நாள்! ஏறத்தாழ அரைப் பள்ளியாண்டு! அறிவு அடுக்கடுக்காகக் கட்டப்படும் மாடி. பின்னம் புரியாதவனுக்கு விழுக்காடு புரியாது. விழுக்காடு புரியாதவனுக்கு வட்டி புரியாது. வட்டி புரியாதவன் நாளை கந்துவட்டிக்காரனிடம் கைநாட்டு வைப்பான். நடுவிலே உருவிய செங்கல் உடனே தெரிவதில்லை. மாடி ஏறும்போதுதான் தெரிகிறது.

"பயணமும் ஒரு கல்விதானே? ஏட்டில் உள்ளது மட்டுமா கல்வி?" என்று கேட்பர். நல்ல கேள்வி. பயணம் கல்விதான், ஐயமில்லை. அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் சென்று பரிசலில் அமரும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க எத்தனை உண்டு! இக்கரை தமிழகம், அக்கரை கருநாடகம். ஆறு மட்டும் எந்த மொழியும் பேசாமல் நடுவே ஓடுகிறது. பாறையைத் தண்ணீர் எத்தனை காலம் தேய்த்தால் இத்தகைய பள்ளத்தாக்கு உண்டாகும்? இந்த நீர் அடுத்து எங்கே போய்த் தேங்குகிறது? 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணை எதற்கு? அது நிரம்பினால் தஞ்சையில் யார் சிரிப்பார், வற்றினால் யார் அழுவார்? - இவ்வாறு கேட்டு, பிள்ளையைக் கேட்கவும் விட்டு அழைத்துச் செல்லும் பெற்றோர், ஆசிரியரின் தோழராகிறார். வறுத்த மீன் வாங்கித் தின்று, கைப்பேசியில் படம் பிடித்து, வண்டியிலேறித் திரும்பும் பயணத்தைக் கல்வி என்று சொல்லாமல் களிப்பு என்றே சொல்வோம். களிப்பும் தேவையே! ஆனால் களிப்புக்குக் கல்வியின் பட்டாடை போர்த்திப் பள்ளியின் கண்ணில் மண் தூவவேண்டாம்.

"வீடே பள்ளி, பெற்றோரே ஆசான்" என்ற வாதம் இந்த மண்ணில் புதியதன்று. அஞ்செட்டியும் ஓசூரும் அடங்கிய இதே வட்டாரத்தில், ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில், 1878-இல் பிறந்த இராசகோபாலாச்சாரியார், சென்னை மாநில முதலமைச்சராக இருந்தபோது, 1953-இல் அந்த வாதத்தை அரசின் திட்டமாகவே ஆக்கினார். சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பாடம். எஞ்சிய நேரத்தில் பெற்றோர் செய்யும் தொழிலைக் கண்டும் செய்தும் கற்கட்டும் என்றது அத்திட்டம். பள்ளி போதவில்லை, பணம் போதவில்லை, பிள்ளைகளை இரு பிரிவாக்கி முறை வைத்தால் இருமடங்கு பேருக்கு இடம் கிடைக்கும் என்று காரணமும் கூறினர். நாடு என்ன கேட்டது? "பெற்றோர் தொழில் என்றால் எவருடைய பெற்றோர்? நாவிதர் மகன் எதைக் கற்பான்? வண்ணார் மகள் எதைக் கற்பாள்? நகரத்துச் சீமான் வீட்டுப் பிள்ளைக்கு முழுநேரப் பள்ளி, நாட்டுப்புறத்துப் பாட்டாளி வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் அரைநேரப் பள்ளியா?" என்று கேட்டது. குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுப் பெரியாரும், அண்ணாவும், அவர்தம் தோழர்களும் எதிர்த்தனர். 1954-இல் ஆச்சாரியார் பதவி விலகினார். காமராசர் ஆட்சிக்கு வந்தார். மே திங்களில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அந்தப் போராட்டம் நமக்குத் தந்த உரைகல் ஒன்று உண்டு. வீட்டில் கற்பது நல்லது என்று ஒருவர் சொன்னால், 'பள்ளியோடு சேர்த்தா, பள்ளிக்குப் பதிலாகவா?' என்று கேட்கவேண்டும். சேர்த்து என்றால் வரவேற்போம். பதிலாக என்றால், உடனே விழித்துக்கொள்வோம். ஏனென்றால் வீடுகள் சமமாக இல்லை. ஏடு நிறைந்த வீடும் உண்டு, எலி நிறைந்த வீடும் உண்டு. அந்த ஏற்றத்தாழ்வுக்கு எதிராக, ஏழைப் பிள்ளைக்கு நாளில் சில மணி நேரமேனும் கிடைக்கும் ஒரே சமமான கூரை பள்ளிக்கூடம்தான். அந்தக் கூரையின் கீழ் உள்ள மணி நேரத்தைக் குறைக்க எவர் வந்தாலும், ஆட்சியாளராய் வந்தாலும், அன்புத் தந்தையாய் வந்தாலும், எதிர்த்துக் கேள்வி கேட்பது நம் கடமை.

சுற்றுலாவாவது சிரிப்பையும் செய்தியையும் தரும். பஞ்சாங்கம் குறித்துக் கொடுக்கும் விடுப்பு என்ன தருகிறது? ஓசூர்ச் சந்திரசூடேசுவரர் தேர் மார்ச்சு வாக்கில் ஓடுகிறது. பொதுத் தேர்வும் அதே பருவத்தில்தான். காதுகுத்து, முடியிறக்குதல், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு - எல்லாவற்றுக்கும் 'நல்ல நாள்' பார்க்கும் சோதிடர், பள்ளியின் நாள்காட்டியை மட்டும் பார்ப்பதே இல்லை! பிள்ளையின் தேர்வு நாள் அவருடைய கட்டங்களில் எந்தக் கட்டத்திலும் வருவதில்லை! பிறகு மதிப்பெண் குறைந்தால் அதே சோதிடரிடம் அதே பிள்ளையின் சாதகத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். சனி பார்க்கிறான் என்கிறார் அவர். பிள்ளை பாடம் பார்த்தானா என்று கேட்பாரில்லை. கலைமகள் விழா வருகிறது, கல்விக்குத் தெய்வமாம். அன்று என்ன செய்கிறோம்? ஏடுகளை அடுக்கி, சந்தனம் பூசி, "இன்று தொடாதே, படிக்கக்கூடாது" என்று பிள்ளையைத் தடுக்கிறோம்! கல்வித் தெய்வத்தின் நாளில் கல்விக்கே தடை! தேர்வுக்கு முன் பேனாவைக் கருவறைக்கு அனுப்பி வைக்கிறோம். மை ஊற்றினால் எழுதும் பேனா, பூசை செய்தால் சிந்திக்குமா? வழிபாடு அவரவர் விருப்பம். ஆனால் தம் நம்பிக்கைக்காகப் பிள்ளையின் பள்ளி நாளைக் காணிக்கை வைக்கப் பெற்றோர்க்கு உரிமை உண்டா என்று கேட்கிறோம்.

இனி, இரண்டாம் தந்தையிடம் வருவோம். அவர் நம்மைப் பார்த்துப் புன்னகை புரிவார். "நன்றாகச் சொன்னீர்கள்! நான் ஒரு நாளும் பள்ளிக்கு விடுப்பு எடுக்க விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை சிறப்பு வகுப்பு, கோடையில் அடுத்த ஆண்டுப் பாடம், காலையில் கணக்கு, மாலையில் அறிவியல்" என்று மார்தட்டுவார். ஐயா, பொறும்! உமக்கும் கேள்வி உண்டு.

ஆலையில் நீர் இத்தனை மணி நேரம் வேலை செய்கிறீரா? உம்மை ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னால் சங்கக் கொடியைத் தூக்கிக்கொண்டு வாயிலில் நிற்கமாட்டீரா? மிகைநேர வேலைக்கு இருமடங்கு ஊதியம் எங்கே என்று கேட்கமாட்டீரா? உம் பிள்ளைக்குச் சங்கம் இல்லை, கொடி இல்லை, வாயிலில் நின்று முழங்கும் குரல் இல்லை. அதனால்தான் உமக்குக் கிடைத்த எட்டு மணி நேரச் சட்டம் உம் மகனுக்குக் கிடைக்கவில்லை! முதலாளியிடம் பாட்டாளியாய் நிற்பவர், வீட்டுக்குள் நுழைந்ததும் முதலாளியாய் மாறுகிறார்.

"90 வாங்கினால் ஊட்டி, வாங்காவிட்டால் வீட்டிலேயே கிட!" என்பது நம் வீடுகளில் பழகிப்போன பேரம். இதைக் கண்டிப்பு என்கின்றனர், ஊக்கம் என்கின்றனர். அந்த 240 நாள் சட்டத்தை இப்போது நினைவுகூருங்கள். கடைசி உருப்படி செய்தவனுக்கும் விடுப்பு உண்டு என்று தமக்கு நீதி கேட்ட தந்தை, ஆண்டு முழுதும் உழைத்தும் 60 வாங்கிய மகளுக்கு ஓய்வு இல்லை என்கிறார்! அவள் உழைக்கவில்லையா? முதல் வரிசைக்காரி ஒரு முறை படித்துப் புரிந்துகொண்டதை அவள் ஐந்து முறை படித்திருக்கலாம். அவளே அதிகம் களைத்தவள்; அவளுக்கே ஓய்வு மறுக்கப்படுகிறது. அதோடு தீரவில்லை: தங்கையும் தாயும் ஊட்டிக்குப் போக முடியாமற் போனது அவளால்தான் என்ற பழியும் அவள் தலையில்! குடும்பத்தின் மகிழ்ச்சி முழுவதையும் ஒரு சிறுமியின் விடைத்தாளில் தொங்கவிடுவது எந்த அறம்? தோற்றால் அன்பு குறையும் என்று அஞ்சும் பிள்ளை, புரியாததைப் புரியவில்லை என்று சொல்லாது; மறைக்கும். மறைத்த இடத்தில் கல்வி நின்றுபோகும். ஓய்வை விலைப்பொருளாக்கியவர், பிள்ளையின் நேர்மையையும் சேர்த்து விற்கச் செய்கிறார்.

மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர்ப் பட்டியல் போடுவதைத் தமிழ்நாட்டரசு 2017-இல் நிறுத்திற்று. நல்ல செயல். ஆனால் அரசு கைவிட்ட பட்டியல் அடுக்களையில் இன்னும் ஒட்டப்பட்டிருக்கிறது: எதிர்வீட்டுப் பையன் எவ்வளவு, அத்தை மகள் எவ்வளவு என்று. ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. அதன் 28-ஆம் பிரிவு குழந்தைக்குக் கல்வி உரிமை என்கிறது. 31-ஆம் பிரிவு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்கிறது. முதல் தந்தை 28-ஐ மீறுகிறார். இரண்டாம் தந்தை 31-ஐ மீறுகிறார். இரண்டும் ஒரே ஏட்டில், ஒரே குழந்தையின் பெயரில் எழுதப்பட்ட உரிமைகள். பள்ளி நாளும் பிள்ளையினுடையது, விடுமுறை நாளும் பிள்ளையினுடையது. பெற்றோர் இரண்டுக்கும் காவலர், உரிமையாளர் அல்லர். வளரும்வரை கையில் ஒப்படைத்த பொருளைக் குறையாமல் காத்து, உரியவனிடம் ஒப்புவிப்பதே காவலரின் அறம்.

இத்துடன் விசாரணையை முடித்துக்கொள்ளலாமா? முடித்தால் பாதி அஞ்செட்டியை மறந்தவர்களாவோம். மலைமேல் இருக்கிறதே இன்னொரு வீடு!

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், 1982-இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளைக் கார்ல் அலெக்சாண்டர், டோரிஸ் என்ட்விசில் முதலான ஆய்வாளர்கள் பல்லாண்டு பின்தொடர்ந்தனர். பள்ளி நடக்கும் திங்களில் ஏழைப் பிள்ளையும் வசதியுள்ள பிள்ளையும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் முன்னேறினர். கோடை விடுமுறையில்தான் இடைவெளி விரிந்தது என்று கண்டனர். பின்னாளில் வேறு ஆய்வாளர்கள் வேறு அளவைகளைக் கொண்டு நோக்கியபோது, அத்தகைய பிளவு எல்லா இடத்திலும் அதே அளவில் தென்படவில்லை என்றும், இடைவெளியின் பெரும்பகுதி பள்ளியில் சேருமுன்பே உருவாகிவிடுகிறது என்றும் எழுதினர். அறிவியல் இப்படித்தான் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும்; அது அதன் பெருமை. எந்தக் கூற்று நிலைத்தாலும் ஒன்று தெளிவு: ஏழையைப் பின்னுக்குத் தள்ளியது பள்ளிக்கு வெளியே இருந்த வாழ்வுதான்.

அந்த வாழ்வு அஞ்செட்டி மலைச் சிற்றூர்களில் எப்படி? மழை பொய்த்தால், அறுவடை முடிந்தால், குடும்பம் மூட்டை கட்டுகிறது. பெங்களூரின் கட்டடங்களுக்கோ, எல்லைக்கப்பாலுள்ள தோட்டங்களுக்கோ கூலி தேடிச் செல்கிறது. பிள்ளையை யாரிடம் விட்டுச் செல்வது? அதுவும் உடன் செல்கிறது. அதுவும் ஒரு 'குடும்பப் பயணம்'தான்! தமிழில் எழுதத் தொடங்கிய பிள்ளை கன்னடப் பள்ளியின் வாயிலில் மூன்று திங்களுக்கு எப்படிச் சேரும்? செங்கல் அடுக்கின் நிழலில் தம்பியைப் பார்த்துக்கொள்கிறது. திரும்பி வரும்போது வகுப்பு எங்கோ போய்விட்டிருக்கிறது. வெட்கம் பின்னிழுக்கிறது; ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, பிறகு போவதே இல்லை. வருகைப் பதிவேட்டில் நீண்ட விடுப்பு. வாழ்க்கைப் பதிவேட்டில் நிலையான விடுப்பு!

பெண் பிள்ளையென்றால் கொடுமை இன்னும் ஓரடி முன்னே வந்து நிற்கிறது. 'படிப்பு நின்றுவிட்டது, வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்' என்ற சொல்லுக்கு அடுத்த சொல் 'மாப்பிள்ளை'. 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் கூடாதென்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இருந்தும் 2025 மார்ச்சில், இதே மலைப் பகுதியில், 14 வயதுச் சிறுமி ஒருத்தி கட்டாய மணத்துக்குப் பின், கதறக் கதறத் தூக்கிச் செல்லப்பட்ட காட்சி நாடெங்கும் பரவிற்று; வழக்கும் கைதும் தொடர்ந்தன. பள்ளிக்கூடத்து வாயில் திறந்திருக்கும்வரை அந்த வாயிலே பெண்ணுக்கு அரண். அது மூடிய மறுநாள் அரண் இடிகிறது.

இந்தப் பெற்றோருக்கும் இங்கிலாந்தைப் போலத் தண்டம் விதிக்கலாமா? கூடாது! புளோரிடாவுக்குப் பறந்தவரையும், பசிக்காகப் பெயர்ந்தவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நீதியாகாது. நம் கல்வி உரிமைச் சட்டம் பெற்றோருக்குக் கடமையைச் சொல்லித் தண்டனையைச் சொல்லாமல் விட்டது. பிள்ளை சேர்வதையும், வருவதையும், முடிப்பதையும் உறுதிசெய்யும் பொறுப்பை அரசின் தோளில் ஏற்றிற்று. சரியான தோள்! பெற்றோர் கூலிக்குப் போகும் திங்களில் பிள்ளை தங்கிப் படிக்கப் பருவகால விடுதி. காட்டுவழிப் பிள்ளைக்கு ஊர்தி. இடையில் நின்றவர்க்குத் தனி வகுப்பு - இவற்றைச் சலுகையாகக் கெஞ்சாமல் உரிமையாகக் கேட்கவேண்டும்.

கேட்பது யார்? இந்த ஏட்டைக் கையில் வைத்திருக்கும் இளைஞர்களே, நீங்கள்தாம். கூட்டம் போடுகிறீர்கள், கொடி கட்டுகிறீர்கள், கொள்கை முழங்குகிறீர்கள், நன்று. வரும் மே திங்களில் உங்கள் ஊரில் ஒரு மரத்தடியைத் தேர்ந்தெடுங்கள். பத்துப் பிள்ளைகளைக் கூட்டி நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கதை படியுங்கள், ஆடுங்கள், விண்மீன் காட்டுங்கள், மதிப்பெண் போடாதீர்கள்! வீட்டில் ஏடில்லாத பிள்ளைக்கு அதுவே சுற்றுலா. சூனில் பள்ளி திறந்ததும் சென்ற ஆண்டு இருந்து இவ்வாண்டு வராத பிள்ளை யார் என்று தலைமையாசிரியரைக் கேட்டறிந்து, அவ்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். சிறுமிக்குத் திருமணப் பேச்சு என்று காதில் விழுந்தால் 1098 என்ற எண்ணை அழைக்கத் தயங்காதீர்கள். ஆலைத் தோழர்களே, அடுத்த முறை சங்கம் பேச்சுவார்த்தைக்கு அமரும்போது, பள்ளி விடுமுறைக் காலத்தில் பெற்றோருக்கு முறைவைத்து விடுப்பு என்பதையும் கோரிக்கைகளில் சேருங்கள். அப்போது தந்தை தம் விடுப்பையும் பிள்ளை தன் பள்ளியையும் ஒன்றுக்காக மற்றொன்றை இழக்கவேண்டியிராது.

பெற்றோராகிய நமக்கோ வேலை எளிது, எளிதாயிருப்பதாலேயே அரிது. பயணத்தைப் பள்ளி விடுமுறைக்குள் வைப்போம். வெளியூர்ச் சுற்றத்தாரைக் காலாண்டு விடுப்பின் நாள்களில் வரச் சொல்வோம். பஞ்சாங்கத்தைப் புரட்டுமுன் பள்ளி நாள்காட்டியைப் புரட்டுவோம். மதிப்பெண் எவ்வளவாயினும் விடுமுறை விடுமுறையே என்று ஆண்டின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவோம். எங்கே போகலாம் என்று பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்போம். அதன் நாள் அல்லவா அது! தேர்ச்சி அறிக்கை குறைவாக வந்தால், 'ஏன் குறைந்தது?' என்று மிரட்டாமல், 'எது புரியவில்லை?' என்று கேட்டு அருகில் அமர்வோம்.

பெற்றதனால் பிள்ளை நம் உடைமையாகிவிடவில்லை. ஆண்டானுக்கு அடிமை உடைமையல்லன், கணவனுக்கு மனைவி உடைமையல்லள் என்று நாட்டுக்கு எடுத்துரைத்த இயக்கம், பெற்றோருக்குப் பிள்ளை உடைமையன்று என்பதையும் உரத்துச் சொல்லியாகவேண்டும். ஓசூரில் ஆலைச் சங்கு ஊதும்போதும், அஞ்செட்டியில் பள்ளி மணி ஒலிக்கும்போதும், அந்த நாள் யாருக்குச் சொந்தம் என்று ஒரு கணம் நினைத்துப் பார்ப்போம். வளர்ந்து நிற்கும் பிள்ளை ஒரு நாள் நம்மிடம் கணக்குக் கேட்கும்: "என் நாள்களை என்ன செய்தீர்கள்?" அன்று தலைநிமிர்ந்து விடை சொல்ல, இன்றே கணக்கை நேர்செய்வோம்.